வீட்டை இடிக்க எவ்வளவு ஆகும்? ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே போட வேண்டிய கணக்கு

பழைய வீட்டை இடிக்க எவ்வளவு ஆகும் என்று யாரிடம் கேட்டாலும் முதலில் வருகிற பதில் சதுர அடிக்கு இவ்வளவு என்பதுதான். அந்த ரேட்டை வீட்டின் பரப்பால் பெருக்கி ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோம், பாதி வீடு தரையில் கிடக்கும்போது அந்தத் தொகை ஒன்றரை மடங்காகி நிற்கும். சதுர அடி என்பது தரையின் அளவு மட்டும். நாம் பணம் கொடுப்பது சுவரையும் கான்கிரீட்டையும் உடைப்பதற்கு, அதைவிடப் பெரிதாக, உடைத்ததை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதற்கு. ஒரே ஆயிரம் சதுர அடியில் ஓடு போட்ட வீடும் இருக்கலாம், பில்லர், பீம் என்று கட்டின வீடும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே ரேட் சொல்கிறவர் ஒன்று வீட்டைப் பார்க்காமல் சொல்கிறார், இல்லாவிட்டால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறார்.

அதனால் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அரை நாள் வேலை.

இடிபாடு எத்தனை லோடு வரும்?

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். தரைத்தளம் மட்டும் உள்ள வீடு, 1000 சதுர அடி, கான்கிரீட் கூரை. கூரைத் தளம் 5 அங்குல கனம் என்றால் ஏறத்தாழ 420 கன அடி. பீம், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை), சன்ஷேடு எல்லாம் சேர்த்து இன்னொரு 100 வையுங்கள், 520 ஆச்சு. சுவருக்கு வருவோம். வெளிச்சுவர் 130 அடி நீளம், 10 அடி உயரம், 9 அங்குல கனம் என்றால் 975 கன அடி. உள்சுவர் 70 அடி, கனம் நாலரை அங்குலம், அது 260 சொச்சம். கதவு ஜன்னல் இடத்தைக் கழித்தால் சுவர் மொத்தம் 1050 கன அடி என்று வைத்துக்கொள்ளலாம். தரையில் டைல்ஸும் அதற்குக் கீழே உள்ள கான்கிரீட்டும் 5 அங்குலம், 400 கன அடி. சுவரின் இரண்டு பக்கப் பூச்சு, மொட்டை மாடியில் போட்ட ஓடு, கைப்பிடிச் சுவர் எல்லாம் ஒரு 400. கூட்டினால் 2370, சரி, 2400 என்றே வைப்போம்.

இப்போது பலரும் விடுகிற இடம் இதுதான். சுவராக நிற்கும்போது 2400 கன அடி. உடைத்துக் குவித்தால் துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டு உப்பிவிடும், கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஆக வண்டியில் ஏறப்போவது 3600 கன அடி. டிப்பர் 200 கன அடி கொள்ளும் என்றால் 18 லோடு. லோடு விலையை விசாரித்து 18-ஆல் பெருக்கிப் பாருங்கள், இடிக்கும் கூலியை விட இது பெரிதாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

எடையும் ஒரு கணக்கு. கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2400 கிலோ, செங்கல் சுவர் 1900 கிலோவுக்குப் பக்கம். கன அடிக்குச் சொன்னால் கான்கிரீட் 68 கிலோ, செங்கல் சுவர் 54 கிலோ. நம்முடைய உதாரண வீடு தரைக்கு மேலேயே 140 டன்னைத் தொடும். வண்டியின் தொட்டியில் இடம் இருந்தாலும் எடை தாண்டிவிட்டால் ஏற்ற முடியாது, கான்கிரீட் அதிகமுள்ள வீட்டில் தொட்டி முக்கால்வாசியோடு வண்டி கிளம்பும், லோடு எண்ணிக்கை கூடும். கொட்டும் இடத்தில் டன் கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள் என்றால் மழையில் நனைந்த குவியலுக்கு நீங்கள் தண்ணீருக்கும் சேர்த்துக் கட்டுகிறீர்கள். இடிபாடு சேரச் சேர அள்ளிவிடச் சொல்வது இதற்காகத்தான்.

கொட்டும் இடம் எவ்வளவு தூரம் என்பதையும் கேட்டு வையுங்கள். வண்டி ஒரு நாளில் ஆறு நடை போகிறதா, இரண்டு நடை போகிறதா என்பதில்தான் வாடகை இருக்கிறது. வீட்டு வாசல் வரை டிப்பர் வருமா என்பதும் அதே மாதிரி. சந்துக்குள் இருக்கும் வீடு என்றால் சின்ன வண்டியில் ஏற்றி, தெருமுனையில் கொட்டி, மறுபடி பெரிய வண்டியில் ஏற்ற வேண்டும். ஒரே கல்லை இரண்டு தடவை தூக்க இரண்டு கூலி.

தரைக்குக் கீழே இருப்பது

மேலே போட்ட கணக்கில் அஸ்திவாரம் இல்லை, கவனித்தீர்களா? கொட்டேஷனிலும் இருக்காது. ‘தரை மட்டம் வரை’ என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள், நாமும் சரி என்று தலையாட்டிவிடுவோம். 200 அடி நீளச் சுவருக்குக் கீழே சராசரி ஒன்றரை அடி அகலம், நாலு அடி ஆழம் என்று போட்டால் 1200 கன அடி. உப்பினால் 1800. இன்னும் ஒன்பது லோடு, அதாவது மேலே சொன்னதில் பாதி. தோண்டுகிற கூலியும், தோண்டின பள்ளத்தை நிரப்ப மண்ணும் தனி.

அஸ்திவாரத்தை முழுதாக எடுத்தே ஆக வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். புது வீட்டின் பில்லர் எங்கே வருகிறது என்று வரைபடம் தயாராக இருந்தால், அந்த இடங்களில் மட்டும் எடுத்தால் போதுமா என்று பொறியாளரைக் கேட்கலாம். வரைபடம் வருவதற்கு முன்பே இடித்துவிட்டு, பிறகு பில்லர் குழி தோண்டும்போது பழைய கருங்கல் அஸ்திவாரத்தில் முட்டி நிற்கிற வீடுகள் நிறைய. அப்போது வரும் பிரேக்கர் (கல்லை உடைக்கிற இயந்திரம்) வாடகை இடிப்புக் கணக்கில் சேராமல் கட்டுமானக் கணக்கில் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம்.

செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, மூடிப்போட்ட பழைய கிணறு, இவை எங்கே இருக்கின்றன என்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய வீட்டின் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குக் கீழே ஒரு தொட்டி இருந்தது யாருக்குமே ஞாபகம் இல்லை. அதன் மேல் ஏறிய இயந்திரத்தின் ஒரு பக்கச் சக்கரம் உள்ளே இறங்கிவிட்டது. ஓட்டுநருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதைத் தூக்க இன்னொரு வண்டி, ஒன்றரை நாள் காத்திருப்பு வாடகை, எல்லாம் எங்கள் தலையில். செப்டிக் டேங்க் என்றால் முதலில் கழிவை உறிஞ்சி எடுத்து, அடித்தளத்தை உடைத்து நீர் இறங்க வழி செய்து, பிறகு அடுக்கடுக்காக மண் போட்டுக் கெட்டித்து நிரப்ப வேண்டும். சும்மா மூடி மேலே மண்ணைத் தள்ளினால் இரண்டு மழையில் தரை உள்வாங்கும்.

இயந்திரமா, ஆளா?

நாலு பக்கமும் காலியிடம், வாசலில் அகலமான வழி என்றால் இயந்திரம்தான் மலிவு, பேச்சே இல்லை. சில நாளில் முடிந்துவிடும். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி இருந்தால் கதை மாறும். ஒட்டிய பக்கத்தை ஆட்கள் மேலிருந்து கீழாகச் சம்மட்டியும் உளியும் வைத்து எடுக்க வேண்டும், மீதியை இயந்திரம் பார்க்கலாம். ஆள் வைத்து இடிக்கும் பகுதி எத்தனை அடி என்று தனியாகச் சொல்லி அதற்குத் தனி ரேட் வாங்குவது நல்லது.

மாடி வீட்டில் ஒரு விஷயத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். மேல்மாடியை உடைத்து இடிபாட்டைக் கீழ்த் தளத்தின் மேலேயே குவித்து வைப்பார்கள், சாயங்காலம் மொத்தமாகத் தள்ளலாம் என்று. ஒரு அடி உயரக் குவியல் சதுர மீட்டருக்கு 400 கிலோவுக்கு மேல் வரும். வீட்டுத் தளம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டுவது பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ. இடிப்பு வேலையில் தளம் மொத்தமாக உட்கார்ந்துவிடும் விபத்துகளுக்கு இது ஒரு பெரிய காரணம். சன்ஷேடும் பால்கனியும் அதே மாதிரி ஏமாற்றும். அதன் மேலிருக்கும் சுவரின் பாரம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, சுவரை முதலில் எடுத்தால் பால்கனி ஆளோடு கவிழும். முட்டு கொடுத்து, நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை முதலில் எடுக்கிற கான்ட்ராக்டர் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்பார். கொடுங்கள். பேரம் பேசுகிற இடம் இது இல்லை.

வீட்டில் பாதியை மட்டும் இடிக்கிறீர்களா? பாதி வேலைதானே, பாதிப் பணம் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நிற்கப்போகிற பாதிக்கு முட்டு, தளத்தைக் கோடு போட்ட மாதிரி அறுக்க வைரப் பல் வைத்த ரம்பம், மிச்சமிருக்கும் சுவருக்குப் பூச்சு, பில்லரை எடுத்துவிட்ட இடத்தில் புது பீம் என்று சதுர அடிக் கணக்கில் முழு வீட்டை விட அதிகமாகவே வரும்.

கம்பியும் மரமும் யாருக்கு?

‘நீங்க ஒரு பைசா தர வேண்டாம் சார், சாமானை நாங்களே எடுத்துக்கிறோம்’ என்று ஒருவர் வருவார். சில வீடுகளுக்கு இது நல்ல பேரம்தான். தேக்கு நிலை, கதவு, நல்ல உத்தரம், கருங்கல், செம்புக் கம்பி இருக்கிற பழைய வீடு என்றால் சாமான் விலை இடிப்புச் செலவைத் தாண்டிவிடும், அப்படியானால் அவர்தான் உங்களுக்குப் பணம் தர வேண்டும். அது தெரியாமல் இலவசம் என்ற வார்த்தையில் மயங்கிவிடக் கூடாது.

கம்பி எவ்வளவு வரும் என்று கேட்டால், ‘உடைச்சுப் பார்த்தாதான் தெரியும்’ என்பார். ஓரளவுக்கு முன்பே தெரியும். வீட்டுக் கூரைத் தளத்தில் கம்பி கான்கிரீட்டின் கன அளவில் ஏறத்தாழ ஒரு சதவீதம். இரும்பு கன மீட்டருக்கு 7850 கிலோ, ஆக ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 80 கிலோவுக்குப் பக்கம். நம்முடைய 520 கன அடி என்பது 15 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு, கம்பி ஒரு டன்னைத் தாண்டும். பீம் அதிகம் என்றால் இன்னும் கூடும். வெளியே எடுத்த கம்பியை எடைபோட வழி இல்லாவிட்டால், விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மி.மீ. கம்பி 0.89 கிலோ. துரு ஏறி மெலிந்த கம்பியில் கொஞ்சம் குறையும். எடைபோடும்போது கூடவே நில்லுங்கள், கான்கிரீட் ஒட்டின கம்பியை வியாபாரி எவ்வளவு கழிப்பார் என்றும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

செங்கல்லில் ஒரு சூட்சுமம் உண்டு. சுண்ணாம்புக் காரையில் கட்டின சுவர் என்றால் கல் முழுசாக வரும், சுரண்டி அடுக்கினால் விலை போகும். ஒரு மூலையில் சாவியால் காரையைக் கீறிப் பாருங்கள், பொலபொலவென உதிர்ந்தால் அதிர்ஷ்டம். சிமெண்டுக் கலவையில் கட்டினது என்றால் காரையை விட்டுப் பிரியாது, கல்தான் உடையும், அதை விற்கிற ஆசையை விட்டுவிடலாம். இயந்திரம் வந்தால் எந்தக் கல்லும் மிஞ்சாது என்பதையும் சேர்த்து யோசித்துத்தான் இயந்திரமா ஆளா என்று முடிவு செய்ய வேண்டும்.

எந்த வழியாக இருந்தாலும் கதவு, ஜன்னல், குழாய், மோட்டார், மின்விசிறி, ஒயர் எல்லாவற்றையும் படம் எடுத்து, எது உங்களுக்கு, எது அவருக்கு என்று தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சாமானை எடுத்துக்கொள்கிற ஒப்பந்தம் என்றால் முன்வைப்புத் தொகை ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். கதவும் கம்பியும் முதல் வாரத்திலேயே போய்விடும், அதற்குப் பிறகு கல்லையும் மண்ணையும் அள்ள அவருக்கு என்ன அவசரம்?

ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால்

பழைய சிமெண்ட் ஷீட் கூரை, புகைபோக்கிக் குழாய், சில நாடுகளில் சுவர்ப் பலகை, வினைல் தரை ஓடு, வெந்நீர்க் குழாய் உறை, இவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, சோதனைக் கூடத்தில்தான் தெரியும். பிரிட்டன் 1999-இலும் ஆஸ்திரேலியா 2003 கடைசியிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலும் இதை முழுதாகத் தடை செய்தன, அதற்கு முந்தைய வீடுகளில் இருக்க வாய்ப்பு உண்டு. தடை இல்லாத நாடுகளில் புது வீட்டிலும் இருக்கலாம். இதன் நார் நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். அதனால் இயந்திரத்தால் நொறுக்கக் கூடாது. நனைத்து, ஆணியைக் கழற்றி, ஷீட்டை முழுதாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் இரட்டையாகச் சுற்றி, அதற்கென்று அனுமதி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். பல நாடுகளில் உரிமம் உள்ளவர்கள் மட்டுமே இதைச் செய்யலாம். சோதனைச் செலவு சின்னது. சோதிக்காமல் உடைத்து மற்ற இடிபாட்டில் கலந்துவிட்டால் குவியல் முழுவதும் ஆபத்துக் கழிவாகிவிடும், 18 லோடுக்கும் அந்த ரேட்தான்.

மற்ற கழிவையும் பிரித்து வைத்தால் காசு மிச்சம். சுத்தமான கான்கிரீட்டையும் செங்கல்லையும் நொறுக்கி மறுபடி பயன்படுத்தும் நிலையங்கள் உள்ள இடங்களில், கலப்பில்லாத லோடுக்குக் கட்டணம் குறைவாக இருக்கும். கொஞ்சம் மரம், பிளாஸ்டிக், ஜிப்சம் பலகை கலந்தால் போச்சு. புது வீட்டின் தரைமட்டத்தை உயர்த்தப் போகிறீர்கள் என்றால் செங்கல் இடிபாட்டில் ஒரு பங்கை அங்கேயே நிரப்பலாம், அத்தனை லோடு குறையும். ஆனால் பொடியாக்கி, முக்கால் அடி அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டுக் கெட்டித்து நிரப்ப வேண்டும், பில்லர் அடியில் மட்டும் போடவே கூடாது.

பக்கத்து வீடு

இடிக்கத் தொடங்கும் முன் பக்கத்து வீட்டாரிடம் போய்ச் சொல்லிவிட்டு, அவர்கள் கூட இருக்கும்போதே அவர்கள் சுவர்களைத் தேதியோடு படம் எடுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால், விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வேலை முடிந்த பிறகு விரிசல் அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். ஒரு பென்சில் செலவு. இதைச் செய்யாமல், பத்து வருடப் பழைய விரிசலுக்கும் சேர்த்துப் பூச்சு வேலை செய்து கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

தூசிக்குத் திரையும் தண்ணீர்த் தெளிப்பும் வேண்டும், கான்கிரீட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்கு நல்லதல்ல. அந்தத் தண்ணீர் யார் பொறுப்பு என்பதும் கொட்டேஷனில் இருக்கட்டும், வீட்டு இணைப்பைத்தான் அப்போது துண்டித்திருப்பீர்களே.

இணைப்பும் காகிதமும்

மின்சாரம், எரிவாயு, தண்ணீர், கழிவுநீர், எல்லாவற்றையும் உரிய துறையிடம் எழுதிக் கொடுத்துத் துண்டித்து, துண்டித்ததற்குச் சான்று வாங்குங்கள். மெயின் சுவிட்சை இறக்கி வைப்பது துண்டிப்பு ஆகாது. உள்ளாட்சி அனுமதி வர எவ்வளவு நாள் ஆகும் என்று பார்த்து அதற்கேற்ப ஆளுக்கு முன்பணம் கொடுங்கள், அனுமதிக்கு முன்பே இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தி வாடகை ஏற்றிக்கொள்ள வேண்டாம். வீட்டின் மேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் ஒரு செங்கல்லைத் தொடாதீர்கள், அந்தக் கட்டடமும் அவர்களுக்கு அடமானம்.

கொட்டேஷனும் தவணையும்

மூன்று பேரிடமாவது கேளுங்கள், ஆனால் மூன்று பேருக்கும் நீங்கள் எழுதின ஒரே தாளைக் கொடுத்துக் கேளுங்கள். அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் வரை, தொட்டிகள் உண்டா, இடிபாடு அள்ளுவது யார், எங்கே கொட்டுவார்கள், அதற்கு ரசீது கிடைக்குமா, சாமான் யாருக்கு, பக்கத்து வீட்டுக்குச் சேதம் வந்தால் யார், வேலையாட்களுக்குக் காப்பீடு இருக்கிறதா, எத்தனை நாள். இதில் கொட்டுவதற்கான ரசீது முக்கியம். ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போனால் அபராதம் தேடி வருவது வீட்டுக்காரர் பெயருக்குத்தான்.

ஒருவர் மட்டும் மற்ற இருவரைவிட மிகக் குறைவாகச் சொன்னால், நீங்கள் போட்ட லோடு கணக்கை எடுத்து ‘எத்தனை லோடு போட்டிருக்கீங்க?’ என்று கேளுங்கள். 27 வர வேண்டிய இடத்தில் 12 என்று சொன்னால் மீதி 15 எங்கே என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரிந்துவிட்டது. லோடுக்கு இவ்வளவு என்று தனியாகப் பேசுவதைவிட மொத்தத் தொகை எனக்குப் பிடிக்கும், லோடு எண்ண வாசலில் ஆள் வைக்க வேண்டாம், வண்டியைக் குறைவாக நிரப்பி நடையைக் கூட்டும் வேலையும் நடக்காது.

தவணையை நாளுக்குக் கட்டாதீர்கள், வேலைக்குக் கட்டுங்கள். சின்ன முன்பணம், கூரை இறங்கியதும் ஒன்று, சுவர் இறங்கி இடிபாடு வெளியேறியதும் ஒன்று. ஐந்தில் ஒரு பங்கையாவது கடைசிக்கு நிறுத்தி வையுங்கள். எதிர்பாராத பொருள் தரைக்குக் கீழே கிடைத்தால் கொடுக்க, மொத்தத்தில் 15 சதவீதம் தனியாக எடுத்து வைத்திருங்கள்.

கடைசித் தவணை கேட்டு வருகிற அன்று இடம் அழகாகத் தட்டி, மண் பரப்பி, கிரிக்கெட் மைதானம் போல இருக்கும். பணத்தை எடுக்கும் முன் ஒரு கடப்பாரையைக் கையில் எடுங்கள். பழைய சுவர் போன கோட்டில் நாலைந்து இடத்தில் ஓங்கிக் குத்திப் பாருங்கள். சதக்கென்று இறங்கினால் சரி. ணங் என்று கேட்டால் அஸ்திவாரம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, பணமும் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.